கழனிக்கு நேர் மேலே ஒரு நெபுலா

புதுச்சேரிப் பக்கம் மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் எங்களுக்குப் பாத்திரக் கடை. எவர்சில்வர் குடம், பிரஷர் குக்கர், இட்லிப் பானை, கல்யாணச் சீர் சாமான் எல்லாம் உண்டு. காலையில் நான் கல்லாவில் உட்காருவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் என் வீட்டுக்காரர் வந்து உட்காருவார். இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு நான் ‘பாத்திரக்கடை பாய் வூட்டம்மா’. வானத்தைப் போட்டோ எடுக்கிறவள் என்பது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அவர்களும் அதை ஒரு கோளாறாகத்தான் நினைத்தார்கள்.

ஒரு ரமலானுக்கு முன்னால் பிறை பார்ப்பதற்காக என் வீட்டுக்காரர் ஒரு பைனாகுலர் வாங்கி வந்தார். மொட்டை மாடியில் நின்று பிறையைப் பார்த்தார், துஆ ஓதினார், கீழே இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. அன்றைக்கு வியாழனுக்குப் பக்கத்தில் நாலு புள்ளிகளைப் பார்த்தேன். மறுநாள் அந்தப் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. அவை வியாழனின் நிலாக்கள் என்று போனில் தேடித் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை. பிறகு தொலைநோக்கி வந்தது. அதன் பின்னால் கேமரா வந்தது. வானம் சுற்றுகிற வேகத்துக்குத் தொலைநோக்கியையும் சுற்றித் தருகிற மோட்டார் வைத்த முக்காலி வந்தது. “நகையா வாங்கியிருந்தா கழுத்துலயாவது கிடந்திருக்கும்” என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு முக்காலியை அவரே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

நிலா எடுத்தேன், சனியின் வளையம் எடுத்தேன். எல்லோரும் எடுப்பவைதான். எனக்கு எடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது வேறு ஒன்றின் மேல்.

மிதுன ராசியின் தெற்கு ஓரத்தில் ஒரு கோள் நெபுலா இருக்கிறது. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் வயதாகி அடங்கும்போது தன் மேல் அடுக்குகளை வாயுவாக வெளியே ஊதித் தள்ளிவிடும். அந்த வாயு பெரிய கூடாக விரிந்து, கொஞ்ச காலம் மங்கலாக ஒளிரும். அதுதான் கோள் நெபுலா. அந்தக் காலத்துச் சின்னத் தொலைநோக்கிகளில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததால் அந்தப் பெயர் வந்துவிட்டது. மற்றபடி கோளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் சொல்கிற இந்த நெபுலா ரொம்ப மங்கல். இத்தனைக்கும் அளவில் சின்னதில்லை. முழு நிலாவின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு தேறும். ஆனால் அதன் வெளிச்சம் அவ்வளவு இடத்துக்கும் பரவிப்போயிருப்பதால், கண் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெள்ளைக்காரர்கள் அதற்குப் பாம்புக் கூந்தல் பெண் ஒருத்தியின் பெயரை வைத்திருக்கிறார்கள். இழை இழையாகப் பின்னிக் கிடப்பதால்.

அதன் மேல் எனக்கு ஏன் ஆசை என்றால், வான வரைபடத்தில் அது நம் ஊரின் அட்சரேகையை ஒட்டியே இருந்தது. தை, மாசி மாதங்களில் நம் தலைக்கு ஏறக்குறைய நேர் மேலே அது கடந்து போகிறது. ஐரோப்பாவில் இருப்பவன் அதைச் சாய்வாகப் பார்க்க வேண்டும். தடித்த காற்றுக்குள்ளே பார்க்க வேண்டும். நமக்கு அது உச்சி வானம். இடையில் இருப்பது மெல்லிய காற்றுதான். இது நமக்கென்று வைத்த பொருள், நாம் எடுக்காமல் வேறு யார் எடுப்பது என்று எனக்குத் தோன்றியது.

முதல் வருஷம் முழுக்க மதகடிப்பட்டு மாடியில் இருந்தே எடுத்தேன். கூட்டு ரோட்டில் உயரக் கம்பத்து விளக்கு, ஒரு பக்கம் கல்யாண மண்டபம், இன்னொரு பக்கம் பெட்ரோல் பங்க். வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் முக்காலியை நேராக்க வேண்டும். நம் ஊரில் அது தரையை ஒட்டி, ஒரு பனைமர உயரத்துக்குத்தான் நிற்கும். என் மாடியில் அது இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தின் சீரியல் லைட் தொங்கியது. அந்த வருஷத்துப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தது சாம்பல் கரைத்த தண்ணி மாதிரி ஒரு நிறம். நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை.

வில்லியனூரில் என்னோடு படித்தவள் ஒருத்தி உண்டு. வில்லியனூரை ஒட்டிய ஒரு சர்ச் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். செலியமேட்டில் வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷன் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போக, கழனியை முழுக்க அவளே பார்த்துக்கொள்கிறாள். டிராக்டர்காரனிடம் பேசுவது, உரம் வாங்குவது, நெல் போடுவது எல்லாம் அவள்தான். பெரிய அண்டா ஒன்று வாங்க எங்கள் கடைக்கு வந்தவளிடம் என் சாம்பல் கரைத்த படத்தைக் காட்டினேன். போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல இன்னாடி இருக்குது?”

“ஒண்ணும் இல்ல. அதான் பிரச்சினையே. இங்க வெளிச்சம் ஜாஸ்தி. முக்காலிய நேராக்கத் துருவ நட்சத்திரம்கூடத் தெரியல.”

“எங்க கழனிக்கு வாயேன். ராத்திரியில பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. துருவ நட்சத்திரம்னா வடக்கதானே? எங்க வடக்கு வரப்புல ரெண்டு பனமரம்தான் இருக்குது. நடுவுல நீ எதை வேணா பாத்துக்கோ.”

அப்படித்தான் தை மாதம் பிறந்ததும் கடையின் குட்டி யானை லோடு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு செலியமேட்டுக்குப் போக ஆரம்பித்தேன். வண்டியை நானே ஓட்டுவேன். சாயங்காலம் கடையை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினால், இருட்டு விழும்போது முக்காலி கழனியில் நிற்கும். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற மேட்டுக் கழனி. அவள் சொன்னபடியே துருவ நட்சத்திரம் இரண்டு பனைகளுக்கும் நடுவில் மங்கலாக நின்றது. முதல் நாள் அதைக் கண்டுபிடித்தபோது அவள் பின்னால் நின்றுகொண்டு, “எங்க மரம் பாத்து நட்டது மாதிரி இல்ல?” என்றாள்.

நாலைந்து நாள் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு சாயங்காலம், மேற்கே இன்னும் சிவப்பு இருக்கும்போதே, பக்கத்துக் கழனிக்காரர் வரப்பு மேல் வேகமாக வந்தார். என் சிநேகிதியின் புருஷனுக்குச் சித்தப்பா முறை. அறுபது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

“இன்னாமா, எந்த சர்வே நம்பர அளக்கறீங்க?” என்றார் என்னைப் பார்த்து.

“அளக்கலீங்க ஐயா. வானத்தப் போட்டோ எடுக்கறேன்.”

“வானத்தயா?” முக்காலியைச் சுற்றி வந்தார். “முக்காலி போட்டு மேல ஒரு குழாய வச்சிக்கினு வந்தவங்க எல்லாரும் இதே மாதிரி ஏதோ ஒண்ணு சொன்னவங்கதான். போன தபா ரோடு போடறேன்னு என் கழனியில பாதிய எடுத்துக்கினாங்க. ஒரு நாளு முக்காலி வந்துது. மறு மாசம் கல்லு நட்டாங்க. தெரியுமா உனக்கு?”

என் சிநேகிதி முன்னால் வந்தாள். “மாமா, இது என் கழனி. இதுல நெல்லும் போடுவேன், மல்லாட்டையும் போடுவேன், என் கூட்டாளி நிக்கறதுக்கு எடமும் குடுப்பேன். இருட்டுன பொறவு யாரு மாமா வந்து அளப்பாங்க?”

“இருட்டுல அளந்தாதானே யாருக்கும் தெரியாது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் முக்காலி, அதன் மேல் குழாய், பக்கத்தில் லேப்டாப், கையில் சிவப்பு வெளிச்ச டார்ச். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. லேப்டாப்பைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். முந்தின ராத்திரி ஐந்து நிமிஷம் கேமராவைத் திறந்து வைத்து எடுத்த ஒரு படம். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள்.

“புள்ளி புள்ளியாதான் இருக்குது. நீ சொல்ற சமாச்சாரம் எங்க?”

“இதுலதான் இருக்குதுங்க. ஒரு படத்துல தெரியாது. நெறைய எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு சேக்கணும். அப்பதான் தெரியும்.”

“இருக்குது, ஆனா தெரியாது. அத நான் நம்பணும்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “எங்க நோன்புப் பெருநாளுக்குள்ள படத்த உங்க கையில கொண்ணாந்து குடுக்கறேன். குடுக்கலன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

அவர் “பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் அவருடைய மோட்டார் கொட்டாய் மேல் புதிதாக ஒரு எல்.இ.டி. விளக்கு எரிந்தது. நேராக எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்கத்தான். வரப்பின் மேல் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்தும் கொண்டார்.

“போயி அணைக்கச் சொல்லட்டுமா?” என்றாள் என் சிநேகிதி.

“வேணாம். அணைக்கச் சொன்னா நாம மறைக்கறோம்னு நெனப்பாரு. நாம எடுக்கறத எடுப்போம்.”

அவள் வீட்டில் நெல் காயப் போடுகிற பெரிய தார்ப்பாய் இருந்தது. நாலு சவுக்குக் கம்பு நட்டு, அந்தத் தார்ப்பாயை விளக்குக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் இறுக்கிக் கட்டினோம். ஆனால் அவர் உட்கார்ந்த கட்டிலில் இருந்து எங்களைப் பார்க்க வழி விட்டு, ஒரு ஓரமாகக் கட்டினோம். அவர் எங்களைப் பார்க்கலாம், அவர் வெளிச்சம் மட்டும் எங்கள் குழாய்க்குள் வரக் கூடாது. மீதி வெளிச்சத்தை வடிகட்டி பார்த்துக்கொண்டது. நெபுலாவின் வாயு இரண்டே நிறத்தில்தான் ஒளிரும், ஒரு சிவப்பு, ஒரு நீலப்பச்சை. அந்த இரண்டை மட்டும் உள்ளே விட்டு மற்றதை நிறுத்துகிற கண்ணாடி வடிகட்டியைக் கேமராவுக்கு முன்னால் மாட்டியிருந்தேன். யாரிடமும் போய்க் கெஞ்சாமல் அந்த விளக்கோடு வேலை செய்தோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கர்வம் உண்டு.

விளக்கை விடப் பெரிய எதிரி பனி. ஏரிப் பாசனத்துப் பூமி. சூரியன் இறங்கி ஒரு மணி நேரத்தில் லேப்டாப் மேல் தண்ணி ஓடும். முன் கண்ணாடியில் பனி படர்வது உடனே தெரியாது. படத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப்போகும். அப்படி ஒரு வாரத்துப் படம் மொத்தமும் வீணானது எனக்கு வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது எதிரில் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் வாளிகள் கண்ணில் பட்டன. குறுகலாக, உயரமாக, கறுப்பாக ஒன்று. அதன் அடியை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, குழாயின் வாய்க்கு நீட்டமாக மாட்டினேன். வாயைச் சுற்றி பேட்டரியில் சூடாகிற பட்டையும் கட்டினேன். அன்றைக்கு வரப்புப் புல்லில் சொட்டச் சொட்டப் பனி. கண்ணாடி உலர்ந்தே இருந்தது. என் சிநேகிதி அந்த வாளியைத் தட்டிப் பார்த்து, “கடைக்காரிக்குக் கடைச் சாமான்தான் கை குடுக்குது” என்றாள்.

இன்னொரு தொல்லை, நெபுலா தலைக்கு நேர் மேலே வருகிற நேரம். எந்தக் காரணத்துக்காக அதன் மேல் ஆசைப்பட்டேனோ, அதுவே கஷ்டம். குழாய் செங்குத்தாக நிமிரும்போது பின்னால் இருக்கிற கேமரா முக்காலியின் காலில் போய் இடிக்கும். உச்சியைத் தாண்டியதும் குழாயை மறு பக்கத்துக்குப் புரட்டிப் போட வேண்டும். கம்ப்யூட்டரே புரட்டும் என்பார்கள். என் முக்காலியில் அதை நம்ப முடியாது. தினமும் அந்த நேரத்துக்கு நான் மண்டி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காலுக்கும் கேமராவுக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு விரல் இடைவெளி வந்ததும் நிறுத்தி, கையாலேயே புரட்டி, மறுபடியும் நெபுலா இருக்கிற நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்து, மறுபடி ஆரம்பிப்பேன். கட்டிலில் இருந்து அவர் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவராகவே குரல் கொடுத்தார்: “இன்னாமா, அடியில பூந்துக்கினு இன்னா பண்ற?”

“காலு இடிக்காம பாக்கறேங்க.”

“முக்காலிய இன்னும் ஒசத்திக் கட்ட வேண்டிதானே?”

“ஒசத்துனா ஆடுதுங்க.”

“ஓ” என்றார். அது அவர் சண்டைக்கு இல்லாமல் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்தன. பிறை தெரிந்த மறுநாளில் இருந்து நோன்பு. புதுப் பிறை சீக்கிரமே மறைந்துவிடும், அதற்கு அப்புறம் வானம் நல்ல இருட்டு. ஏழாம் எட்டாம் பிறைக்கெல்லாம் நிலா மிதுனத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்த ஒரு வாரத்தை விடவே கூடாது. வீட்டில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போவேன். தவக்காலம் முழுக்க அவள் கறி தொடமாட்டாள் என்பதால், அந்த மாதம் எங்கள் வீட்டுக் கஞ்சியில் கறி போடவில்லை. மஃரிப் தொழுகை நேரம் ஆனதும் பேரீச்சம்பழம் வாயில் போட்டு, கழனியிலேயே துணி விரித்துத் தொழுவேன். நான் தொழுது முடிக்கிற வரைக்கும் அவள் தொலைநோக்கிக்குக் காவல் நிற்பாள். அப்புறம் இருவரும் கஞ்சி குடிப்போம். தவக்கால ஒருசந்தி இருந்ததால் அவளுக்கு அதுதான் அன்றைய ஒரு வேளைச் சாப்பாடு.

ஒரு நாள் அவள் ஒரு டம்ளரில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வரப்பு ஏறிப் போனாள். “மாமா, கஞ்சி.” அவர் வாங்கிக்கொண்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

நிலா பெரிதானபோது நிறுத்தினோம். பௌர்ணமி தாண்டி நிலா தாமதமாக எழ ஆரம்பித்ததும் மறுபடி போனோம். அறுவடை மிஷின் ஒன்று இரண்டு கழனி தள்ளி ஓடியபோது தூசி புகை மாதிரி எழும்பி வந்து அந்த நாள் போனது. வைக்கோல் எரித்த புகையில் இன்னொரு நாள் போனது. மற்ற நாளெல்லாம் எடுத்தோம். ‘எடுத்தோம்’ என்று சொல்வது வேண்டுமென்றேதான். மாசிக் கடைசிக்குள் நட்சத்திரக் கூட்டத்தைத் திரையில் பிடிக்க அவளே கற்றுக்கொண்டுவிட்டாள்.

படங்களைச் சேர்க்கிற வேலையைக் கடையில் வைத்துத்தான் செய்தேன். ரமலானின் கடைசி வாரம். பெருநாளுக்குப் பாத்திரம் வாங்குகிற கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய மிஷினுக்கு எல்லாப் படத்தையும் வரிசைப்படுத்திச் சேர்க்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. சேர்த்து முடித்ததும் திரையில் வந்தது மறுபடியும் கறுப்புதான். அது எனக்குத் தெரியும். சேர்த்த படத்தில் வெளிச்சம் எல்லாம் அடியிலேயே படிந்து கிடக்கும். அதை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். குக்கர் கேஸ்கெட் கேட்டு வந்த ஒரு அம்மாவிடம், “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு இழுத்தேன்.

முதலில் நட்சத்திரங்கள் வந்தன. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நடுவில் சிவப்பாக ஒரு வளைவு. ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் கரைந்து. இன்னும் இழுத்தேன். வளைவுக்குள்ளே இழைகள். பின்னிய இழைகள். உள்ளே நீலப்பச்சையில் ஒரு மெல்லிய பூச்சு. நான் என்ன சத்தம் போட்டேன் என்று தெரியாது. மேலே தட்டில் ஏணி போட்டு நின்றிருந்த என் வீட்டுக்காரர், “ஷாக் அடிச்சிடுச்சா?” என்று கத்திக்கொண்டே இறங்கினார்.

கேஸ்கெட் அம்மாதான் முதலில் எட்டிப் பார்த்தவர். “இன்னாக்கா இது, ஓரம் கருகுன தோசை மாதிரி?”

“செத்துப்போன நட்சத்திரம்மா. செலியமேட்டுல எடுத்தேன்.”

“செலியமேட்டுலயா விழுந்துது?”

என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். “பிறை மாதிரி இருக்குது” என்றார். “சிவப்புப் பிறை. மாஷா அல்லாஹ்.” நான் அந்த அம்மாவுக்குக் கேஸ்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், திரையைப் போனில் படம் பிடித்து எங்கள் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். இன்னும் வேலை முடியவில்லை, நிறம் சரி செய்யவில்லை, ஓரம் வெட்டவில்லை என்று நான் கத்தினேன். “அதெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல எல்லாரும் பாக்கட்டும்” என்றார்.

பெருநாள் அன்று மத்தியானம், சேமியாப் பாயசத் தூக்கோடும் சட்டம் போட்ட படத்தோடும் செலியமேட்டுக்குப் போனோம். இந்தத் தடவை வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டினார். படத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் சிநேகிதியின் வீடு. அவள் பாயசத்தை வாங்கி உள்ளே வைக்காமல் படத்தைத்தான் வாங்கினாள். கையில் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே என் பெயரோடு அவள் பெயரும் இருந்தது.

“எம்பேரு எதுக்குடி?”

“பின்ன யாரு பேரு போடறது? பாதி நாளு நீதானே நட்சத்திரம் புடிச்ச.”

அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்போரம் நடந்தாள். என் வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். பெரியவர் மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவளிடமிருந்து படத்தை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

“பெருநாளு அன்னிக்கே கொண்ணாந்துட்டேங்க.”

அவர் படத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். விரலால் அந்த வளைவைத் தடவினார்.

“இதுவா அந்தப் புள்ளிக்குள்ள இருந்துது?”

“ஆமாங்க.”

“எங்க இருக்குது இது?”

“ராத்திரியில உங்க கட்டிலுக்கு நேர் மேல. ஆயிரத்து ஐந்நூறு ஒளியாண்டு தூரம்னு சொல்றாங்க. வெளிச்சம் அங்க இருந்து இங்க வரவே ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆவும்.”

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பகல் வானம், வெறும் நீலம். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “அப்போ நெலத்துக்கு ஒண்ணும் இல்ல?” என்றார்.

“ஒண்ணும் இல்லீங்க.”

அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. இரண்டு மாதமாக அந்த மனுஷன் கட்டிலில் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. படத்தைத் திருப்பிக் கொடுக்க நீட்டினார். “வச்சிக்கங்க, உங்களுக்குத்தான். அவளுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடுக்கறேன்” என்றேன். அவர் எழுந்து நின்று என் வீட்டுக்காரரிடம் கை கொடுத்தார். “ஒம் பொஞ்சாதி சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டா” என்றார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னார். பரவாயில்லை. நான் பக்கத்தில்தானே நின்றேன்.

பெருநாளுக்கு அடுத்த வாரம் இன்னும் இரண்டு சாயங்காலம் போனோம், நீல நிறத்தில் கொஞ்சம் குறை இருந்ததால். மோட்டார் கொட்டாய் விளக்கு எரியவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. தார்ப்பாயை அவிழ்த்து மடித்து வைத்தோம்.

அந்தக் குறையையும் சேர்த்து முடித்த பிறகுதான் படத்தை இணையத்தில் வானப் படம் எடுப்பவர்களின் ஒரு குழுவில் போட்டேன். எடுத்த இடம் என்ற இடத்தில், புதுச்சேரி என்று போடாமல் செலியமேடு என்று போட்டேன். என்னைவிடப் பெரிய தொலைநோக்கியும் பல வருஷ அனுபவமும் உள்ள ஐரோப்பாக்காரர் ஒருவர், நெபுலாவின் வெளி ஓரத்தில் ஒரு மங்கலான நீல வளைவு என் படத்தில் தெரிகிறது, தன் படத்தில் அது வரவே இல்லை என்று எழுதினார். எத்தனை மணி நேரம் எடுத்தீர்கள், குழாய் எவ்வளவு பெரியது, எந்த மலை மேல் இருந்து எடுத்தீர்கள் என்றெல்லாம் கேட்டார். மலை இல்லை, நெல் அறுத்த கழனி, குழாய் சின்னதுதான், பனிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி என்று பதில் எழுதினேன். ஆனால் நெபுலா எங்களுக்குத் தலைக்கு மேலே வருகிறது என்பதையும் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

என் சிநேகிதி அந்தக் கேள்விகளைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அவள் எல்லோருக்கும் அதைச் சொன்னாளாம். அவள் சொன்ன விதத்தில் ஐரோப்பாக்காரர் பாதியழுகையில் கேட்டதாக ஆகிவிட்டது.

கடையில் மாட்டுவதற்குப் பெரிதாக ஒன்று போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர்தான் பிடிவாதம் பிடித்தார். மதகடிப்பட்டிலேயே பிளெக்ஸ் போடுகிற கடை இருக்கிறது. அங்கே இருந்தவர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னா பங்சன்? யாரு போட்டோ ஓரத்துல வைக்கணும்?” என்று கேட்டார். யார் போட்டோவும் வேண்டாம், இது மட்டும்தான் என்றோம். அவருக்கு மனசு கேட்கவில்லை. கீழே ‘அன்புடன் வரவேற்கிறோம்’ என்றாவது போடலாமா என்று கேட்டார்.

இப்போது அது குக்கர் அடுக்குக்கு மேலே, சுவரை அடைத்து நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். காலையில் வந்தால் நான் சொல்வேன். நட்சத்திரத்தைப் பற்றி, பனியைப் பற்றி, கழனியைப் பற்றி, என் சிநேகிதியைப் பற்றி. சுருக்கமாகச் சொல்ல எனக்கு வருவதில்லை. குடம் வாங்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டிருக்கிறார்கள்.

மத்தியானத்துக்கு மேல் வந்தால் என் வீட்டுக்காரர் சொல்வார். நான் பின்னால் சரக்கு அறையில் இருந்தாலும் காதில் விழும். “என் வூட்டுக்காரி எடுத்தது. அவளே வண்டி ஓட்டிக்கினு போயி, அவளே மிஷின் மாட்டி எடுத்தது. இந்தியாவுலயே வேற யாரும் எடுத்தது இல்ல. பத்தாயிரம் ஒளியாண்டு தூரம்.”

ஆயிரத்து ஐந்நூறு என்று உள்ளேயிருந்து கத்துவேன். இந்தியாவில் நிறையப் பேர் எடுத்திருக்கிறார்கள் என்றும் கத்துவேன். அவர் வந்தவர்களிடம், “அவ அப்படித்தான், அடக்கமா சொல்லுவா” என்பார்.